கிஸ்தி யார் கையில்? கர்நாடகத்தில் பிரெஞ்சு–ஆங்கிலப் போட்டி

1766 மே மாதத்தில் பாரிஸ் நகரில் ஒரு பிரெஞ்சுத் தளபதியின் தலை வெட்டப்பட்டது. அவர் பெயர் லாலி. புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்தவர். அவருக்கு முன்பே சென்னையைப் பிடித்த லா பூர்தொனே பாஸ்தீய் சிறையில் கிடந்து, குற்றமற்றவர் என்று விடுதலையாகி, இரண்டே ஆண்டில் இறந்துபோனார். பன்னிரண்டு ஆண்டுகள் புதுச்சேரியை ஆண்ட டூப்ளே தன் சொந்தப் பணத்தைத் திருப்பித் தரும்படி பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வழக்காடிக்கொண்டே 1763இல் கண்ணை மூடினார். மூவரும் தங்கள் தரப்பு நியாயத்தை எழுதி அச்சிட்டார்கள். ஒருவர் மற்றவரைக் குற்றம் சொன்னார். அந்த வாதப் பிரதிவாதங்களையே பிற்காலம் வரலாறாக வாசித்தது. தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர் ஏன் தோற்றார்கள் என்ற கேள்விக்கு இன்றும் பாடப்புத்தகங்கள் தரும் முதல் பதில் ஆட்களின் குணம்தான். லா பூர்தொனேயின் பேராசை, டூப்ளேயின் கர்வம், லாலியின் முன்கோபம், எதிர்ப்பக்கத்தில் கிளைவின் துணிச்சல்.

இந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை குறைவு. அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். லாலி உண்மையிலேயே முன்கோபிதான். ஆனால் முன்கோபிகள் வென்ற போர்கள் உண்டு. இரு கம்பெனிகளும் எந்தப் பணத்தில் சண்டை போட்டன, அது எங்கிருந்து வந்தது, எப்போது தீர்ந்தது என்று பார்த்துக்கொண்டு போனால் வேறொரு கதை கிடைக்கிறது.

முதலில் இடத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். இங்கே கர்நாடகம் என்பது இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல. ஆற்காடு நவாபின் ஆளுகையில் இருந்த நாடு. பெரும்பாலும் தமிழ் நிலம். ஐதராபாத் நிஜாமுக்கு அது பெயரளவில் கீழ்ப்பட்டது. அதன் கடற்கரையில் ஆங்கிலேயருக்குச் சென்னையும் கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையும் இருந்தன. பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி, 1739இல் தஞ்சை அரசிடமிருந்து காரைக்காலும் சேர்ந்தது. இரு தரப்பும் வந்தது துணிக்காக. ஐரோப்பாவிலிருந்து வெள்ளியைக் கொண்டுவந்து, உள்ளூர் வணிகர் மூலம் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, துணி மூட்டைகளைக் கப்பலேற்றினார்கள். 1736இல் நாணயம் அடிக்கும் உரிமையை நவாபிடம் பெற்றதைப் புதுச்சேரி தன் பெரிய வெற்றியாகக் கருதியது. அந்தக் காலத்து லட்சியங்களின் அளவு அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் மூண்டு 1744இல் பிரான்சும் இங்கிலாந்தும் நேரடியாக மோதத் தொடங்கியபோது, இந்தியாவில் மட்டும் நடுநிலை காப்போம் என்று சென்னைக்குத் தூது அனுப்பியவர் டூப்ளே. பிற்காலத்தில் சாம்ராஜ்யக் கனவு கண்டவராகச் சித்திரிக்கப்பட்ட அதே மனிதர். சண்டை வந்தால் வியாபாரம் கெடும் என்ற கணக்குதான். தங்கள் அரசரின் போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்தத் தங்களால் ஆகாது என்று சென்னை பதில் சொல்லிவிட்டது. அந்தக் கப்பல்கள் வந்து பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தன. டூப்ளேயின் சொந்த முதலீடும் அதில் மூழ்கியது.

பதிலுக்கு மொரீஷியஸிலிருந்து லா பூர்தொனே படையோடு வந்து 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்தார். பதினொரு லட்சம் வராகன் கொடுத்தால் நகரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் ஒப்பந்தமும் பேசிவிட்டார். டூப்ளே அதை ஏற்கவில்லை. இருவரும் கடிதங்களில் மோதிக்கொண்டிருந்தபோதே அக்டோபர் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களை நொறுக்கியது. மிஞ்சியவற்றோடு அவர் போய்விட்டார். இந்தப் புயலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இன்னும் வரும்.

சென்னையைத் தனக்குத் தருவதாகச் சொன்ன பிரெஞ்சுக்காரர் ஏமாற்றிவிட்டார்கள் என்று நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அடையாற்றுக் கரையில் பாரடி என்ற அதிகாரியின் தலைமையில் சுமார் ஆயிரம் பேர் கொண்ட படை ஆற்றைக் கடந்து நேராக நடந்துவந்து சுட்டது. நவாபின் படை கலைந்து ஓடியது. பிரெஞ்சுப் படையிலும் பெரும்பகுதி ஐரோப்பியர் அல்ல, இந்தியச் சிப்பாய்கள். ஐரோப்பியர் இயல்பாகவே வீரர்கள் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டிய நூல்கள் பல. அன்றைய சிற்றரசர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. அணிவகுத்துச் சுடப் பழகிய சிறு படை சந்தையில் கிடைக்கிறது; பணமிருந்தால் அதை வாடகைக்கு எடுக்கலாம்.

1748இல் ஐரோப்பாவில் சமாதானமானது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர் கோட்டைக்கு மாற்றாகச் சென்னை திருப்பித் தரப்பட்டது. கனடாவின் பனிக்கரையில் இருந்த ஒரு கோட்டைக்குச் சென்னப்பட்டினம் ஈடானது! அந்த மூன்றாண்டுகளில் கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் பாதுகாப்புக்காக இடித்திருந்தார்கள். மீதியை ஆங்கிலேயரே அதே காரணத்துக்காகப் பின்னர் இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. பிறகு பூக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டப்பட்டது. புதுச்சேரியில் 1748இல் ஆங்கிலேய முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவ்வூர் வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். இரு கொடிகளுக்கும் நடுவே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வேறுபாடு அதிகமில்லை.

சமாதானம் வந்ததும் இரு கம்பெனிகளிடமும் வேலையில்லாத படைகள் இருந்தன. சும்மா இருந்தாலும் சம்பளம் ஓடும். இந்திய அரசுரிமைச் சண்டையில் கூலிக்குப் படை கொடுத்து நாடு பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் டூப்ளே என்று மெக்காலே 1840இல் எழுதினார். அது அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் 1749இல் தஞ்சை அரியணையை இழந்த ஷாஜி உதவி கேட்டபோது படை அனுப்பியவர்கள் ஆங்கிலேயர். ஷாஜிக்கு அரியணை கிடைக்கவில்லை. கொள்ளிட முகத்துவாரத்திலிருந்த தேவிக்கோட்டை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. ஷாஜியை எதிர்த்த பிரதாபசிங்கோடே அவர்கள் உடன்பாடு செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆம்பூரில் டூப்ளேயின் படை, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்காகப் போரிட்டு அன்வருதீனைக் கொன்றது. இருவரும் ஒரே சந்தையில் ஒரே பருவத்தில் கடை விரித்தவர்கள். டூப்ளேயின் சரக்கு முதலில் நல்ல விலைக்குப் போனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விலை என்னவோ பிரமாதம்தான். வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் கிராமங்கள் புதுச்சேரிக்கு வந்தன. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் ஏறிப் பிடித்தார். நிஜாம் நாசிர் ஜங் தன் சொந்தக் கூட்டாளிகளாலேயே கொல்லப்பட்டார். அவருடைய மருமகன் முசாபர் ஜங்குக்குப் புதுச்சேரியிலேயே பட்டாபிஷேகம் நடந்தது. கிருஷ்ணா நதிக்குத் தெற்கே எல்லாவற்றுக்கும் டூப்ளேயே அதிபதி என்று பட்டயம் எழுதப்பட்டது. சில வாரங்களில் முசாபர் ஜங்கும் இறந்துவிட, புஸ்ஸி அந்த இடத்தில் சலாபத் ஜங்கை அமர்த்தினார். காகிதத்தில் தக்காணம் முழுவதும் பிரெஞ்சுச் செல்வாக்கில் இருந்தது.

சிக்கல் அந்தக் காகிதத்தில்தான். பட்டயம் தந்தது வரி வசூலிக்கும் உரிமையை. வரி கிராமத்தில் இருந்தது. கிராமத்தைச் சுற்றிப் பாளையக்காரர், குத்தகைதாரர், கணக்குப்பிள்ளை, எதிரியின் குதிரைப்படை. படை இருந்தால் கிஸ்தி வரும். கிஸ்தி வந்தால்தான் படை நிற்கும். டூப்ளே 1753இல் பாரிசுக்கு எழுதிய நீண்ட அறிக்கையில் வியாபாரத்தை மட்டும் நம்பி எந்தக் கம்பெனியும் பிழைக்க முடியாது, நிலையான நிலவருமானம் வேண்டும் என்று வாதிட்டார். கோட்பாடாக அது சரி; அடுத்த நூறாண்டு அதைத்தான் மெய்ப்பித்தது. ஆனால் அந்த வருமானத்தைப் பெறுவதற்காக அவர் நடத்திய போர், வருமானம் தரவேண்டிய வயல்களையே அழித்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்த்தினோ டூப்ளேயின் தொலைநோக்கை அழுத்திச் சொல்கிறார். ஆங்கிலேயரான டாட்வெல் பண நெருக்கடியை அழுத்துகிறார். இந்த ஒரு விஷயத்தில் டாட்வெல் பக்கமே சாய்கிறேன்.

திருச்சிராப்பள்ளி ஏன் அவ்வளவு முக்கியமானது என்பதும் இங்கிருந்துதான் விளங்கும். ஆம்பூருக்குப் பிறகு அன்வருதீனின் மகன் முகமது அலி ஓடி ஒளிந்த கோட்டை அது. அதை வைத்திருப்பவரே காவிரி நீரையும் தஞ்சைக்குப் போகும் வழியையும் வைத்திருப்பவர். 1751இல் கிளைவ் இருநூறு ஐரோப்பியரோடும் முந்நூறு சிப்பாய்களோடும் ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் தாக்குப்பிடித்ததை ஆங்கிலப் புத்தகங்கள் கொண்டாடும் அளவுக்கு அது பெரிய திருப்பமில்லை. சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள் என்ற கதையை மெக்காலே பரப்பினார். கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். தீர்மானமான சண்டை திருச்சியைச் சுற்றி நடந்தது. 1752 ஜூனில் லா என்ற பிரெஞ்சுத் தளபதி ஸ்ரீரங்கத் தீவுக்குள் பின்வாங்கி, திருவானைக்காவிலும் ஸ்ரீரங்கத்திலும் கோயில் மதில்களை அரணாக்கிக்கொண்டு, உணவு தீர்ந்து சரணடைந்தார். சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போனார். தலை முகமது அலிக்கு அனுப்பப்பட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. உதவிக்கு ஈடாகத் திருச்சியையே தருவதாக மைசூரின் நஞ்சராஜனுக்கு முகமது அலி ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார், கொடுக்க மறுத்தார். மைசூர் பிரெஞ்சுப் பக்கம் திரும்பியது. மேலும் இரண்டாண்டு முற்றுகை. பொன்மலையடியில் சண்டை மேல் சண்டை. 1753 நவம்பரில் ஓர் இரவு பிரெஞ்சு வீரர்கள் வெளி மதிலை ஏறியே விட்டார்கள். உள்ளே போக முடியவில்லை. கோட்டைக்குள்ளிருந்த ஆங்கிலப் படைக்கு அரிசியும் மாடும் போய்ச் சேர்ந்ததற்கு முக்கியமான காரணம் புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்த நட்பின் பலனாகத்தான் பிற்காலத்திலும் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக நீடித்தது.

1754 ஆகஸ்டில் கோதெயூ பாரிசிலிருந்து வந்திறங்கி டூப்ளேயைத் திருப்பி அனுப்பினார். பிரெஞ்சுத் தேசியவாதிகளுக்கு இது மாபெரும் துரோகம். வெற்றியின் வாசலில் இருந்தவரை அழைத்துக்கொண்டார்கள் என்று வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெற்றி வெற்றி என்று கடிதம் வருகிறது, லாபம் மட்டும் வரவில்லை, கப்பலில் துணியும் குறைகிறது என்றால் எந்தக் கம்பெனி இயக்குநர்தான் பொறுப்பார்? ஆங்கிலக் கம்பெனியும் இதே கவலையில்தான் இருந்தது. அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. போர்ச் செலவை நவாபின் கணக்கில் எழுதினார்கள். முகமது அலி தன் நாட்டு வருவாயை அவர்களுக்கு அடகு வைத்தார். டூப்ளே தானே நவாபாகப் பார்த்தார். ஆங்கிலேயர் நவாபுக்குக் கடன்காரராக இருப்பதே போதும் என்று இருந்தார்கள்.

கடல் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. சோழமண்டலக் கரையில் அன்று இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கொண்டுவர வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எந்தக் கப்பற்படைத் தலைவனும் அங்கே நிற்கமாட்டான். எங்கே போவது என்பதுதான் கேள்வி. ஆங்கிலேயருக்கு மேற்குக் கரையில் பம்பாய் இருந்தது. கப்பல் பழுதுபார்க்கும் துறையும் மரமும் ஆட்களும் அங்கே உண்டு. வங்காளமும் பக்கம். பிரெஞ்சுக்காரர் இந்துமாக்கடலின் மறு ஓரத்துக்கு, மொரீஷியஸுக்குப் போகவேண்டும். அந்தத் தீவுக்கே உணவு வெளியிலிருந்துதான் வரவேண்டும். தாஷே என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் 1758இலும் 1759இலும் ஆங்கிலேயப் போகாக்கோடு மூன்று முறை மோதினார். எதிலும் அவர் கப்பல்கள் அழிக்கப்படவில்லை. ஆனால் இரண்டு ஆண்டும் மொரீஷியஸ் திரும்பினார். 1759 அக்டோபரில் போனவர் வரவேயில்லை. அவரைக் கோழை என்றார்கள். அவர் இடத்தில் வீரர் ஒருவர் இருந்திருந்தாலும் ஓட்டை விழுந்த கப்பலைப் புதுச்சேரி மணலில் பழுதுபார்த்திருக்க முடியாது. இருபதாண்டு கழித்து சுப்ரென் டச்சுக்காரரோடு கூட்டு வைத்து, 1782இல் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தபிறகே பிரெஞ்சுக் கப்பற்படையால் மொரீஷியஸுக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்திலேயே நிற்க முடிந்தது. அதற்குள் நிலத்தில் காலம் கடந்துவிட்டது.

இன்னொரு பெரிய மாற்றம் கர்நாடகத்துக்கு வெளியே நிகழ்ந்தது. ஏழாண்டுப் போர் தொடங்கியபின் 1757 மார்ச்சில் கிளைவ் சந்திரநாகூரைப் பிடித்தார், ஜூனில் பிளாசி. வங்காளத்தின் கருவூலம் திறந்தது. 1758 இறுதியில் அங்கிருந்து கிளைவ் அனுப்பிய போர்ட் என்ற தளபதி அடுத்த ஏப்ரலில் மசூலிப்பட்டினத்தைப் பிடித்து, புஸ்ஸியின் படைக்குச் சோறு போட்ட வடசர்க்கார்களைப் பறித்துக்கொண்டார். தெற்கே நடந்த போருக்கு வடக்கேயிருந்து ஒரு தரப்புக்குப் பணம் வந்தது. மறு தரப்புக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றது.

லாலி வந்திறங்கியது இந்த நிலையில். 1758 ஏப்ரல் இறுதியில் வந்தவர் ஜூன் தொடக்கத்துக்குள் கடலூரையும் செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடித்துவிட்டார். அடுத்து சென்னை. ஆனால் கஜானாவில் காசில்லை. 1749இல் தஞ்சை அரசர் சந்தா சாகிபுக்கு எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம் ஒன்று புதுச்சேரியில் கிடந்தது. அதை வசூலிக்கக் கிளம்பினார். பதினெட்டாம் நூற்றாண்டின் சிறந்த ஐரோப்பியப் படைகளில் ஒன்று, பழைய கடன் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தஞ்சாவூருக்கு நடந்தது. வண்டிக்கு மாடு போதாமல் புதுச்சேரிக் குடிகளைச் சாதி பாராமல் சுமை தூக்க வைத்தார். கீழ்வேளூர்க் கோயிலைத் தோண்டிப் புதையல் தேடினார்; அர்ச்சகர்கள் ஆறு பேரை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். தஞ்சையும் விழவில்லை, பணமும் வரவில்லை. அந்த வட்டாரத்தில் அதற்குப்பின் எந்த வணிகர் அவருக்குக் கடன் கொடுப்பார்?

சென்னை முற்றுகை டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில், பம்பாயிலிருந்து ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்த மறுநாள் கலைந்தது. 1759 அக்டோபரில் வந்தவாசியில் லாலியின் சொந்த வீரர்களே சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். ஓரளவு கொடுத்துத்தான் அடக்க முடிந்தது. மூன்று மாதம் கழித்து அதே ஊரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அவர்களை முறியடித்தார். வந்தவாசிப் போர் இந்தியாவின் தலைவிதியை முடிவுசெய்தது என்று எழுதும்போது அந்த அக்டோபர்க் கலகத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.

பிறகு புதுச்சேரி முற்றுகை. தின்ன ஒன்றுமில்லாமல் லாலி தமிழ்க் குடிகளை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டு வெளியேற்றினார். ஆங்கிலக் காவலர் அவர்களைக் கடந்துபோக விடவில்லை. கோட்டைக்கும் பாசறைக்கும் நடுவில் நாட்கணக்கில் வேர்களைத் தின்று கிடந்தார்கள். 1761 புத்தாண்டு நாளில் பெரும் புயல் அடித்து முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. பழுதற்ற மற்றக் கப்பல்கள் சில நாட்களில் வந்து சேர்ந்தன. பிரெஞ்சுக் கப்பல் ஒன்றுகூட வரவில்லை. ஜனவரி 16இல் ஊர் சரணடைந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு ஆனந்தரங்கப் பிள்ளை இறந்திருந்தார்.

பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்து, துணி, பாக்கு வியாபாரம் செய்து, ஆனந்தப்புரவி என்ற கப்பலுக்குச் சொந்தக்காரராகி, டூப்ளேயின் தலைமைத் துபாஷியான அவர் 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு இந்தக் கதையின் விலைமதிப்பற்ற ஆவணம். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்கள் அதிலிருந்தே முளைத்தன. பிள்ளையை நியாயவான் என்று தூக்கி வைக்கத் தேவையில்லை; தன் லாபத்தில் கண்ணான மனிதர், போட்டியாளரைப் பற்றி எழுதும்போது இரக்கமே கிடையாது. அதனால்தான் அவர் பயன்படுகிறார். எந்த நவாபின் தூதர் எவ்வளவு நஜர் கொண்டுவந்தார், எந்தத் துரை யாரிடம் என்ன வாங்கினார் என்று அவர் குறித்துக்கொண்டே போவதைப் படித்தால், பாரிஸ் நீதிமன்றம் பார்க்காத ஒன்று தெரியும். துபாஷியின் வாக்கும் வணிகரின் முன்பணமும் இல்லாமல் எந்தத் துரையாலும் ஒரு பட்டாளத்தை நகர்த்த முடிந்ததில்லை.

மருதநாயகம் என்ற முகமது யூசுப்கானையும் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்த ஆங்கிலச் சிப்பாய்த் தளபதி அவர். பிறகு மதுரைச் சீமையைக் குத்தகைக்கு எடுத்து நன்றாக ஆண்டார். குத்தகைப் பணம் யாருக்குச் சேரும் என்பதில் நவாபோடு முறுகி, 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். பாரிசில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு! அந்த ஒப்பந்தத்தில் முகமது அலியே கர்நாடக நவாப் என்று பிரெஞ்சு அரசரே ஒப்புக்கொண்டிருந்தார். கூடவிருந்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷான் காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபரில் யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி 1765இல் இடிந்த சுவர்களோடு திரும்பக் கிடைத்தது. மீண்டும் பறிபோய், மீண்டும் கிடைத்து, 1816இலிருந்து 1954 வரை அவர்களிடம் இருந்தது. வென்ற பக்கத்தில் போர்ச் செலவுக் கணக்கு மட்டும் முடியவில்லை. முகமது அலி கம்பெனிக்குக் கடன்பட்டார். அதை அடைக்கக் கம்பெனி ஊழியர்களிடமே தனித்தனியாகக் கொடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். தவணைக்குத் தாலுகாக்கள் அடகுபோயின. செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகப் போனது. கைகாசு தீர்ந்தபோது 1773இல் தஞ்சாவூரையே பிடித்துக் கொடுத்தார்கள். லாலியிடமிருந்து சென்னையைக் காத்தவரும் புதுச்சேரிக் கோட்டையை இடிக்கச் செய்தவருமான ஆளுநர் பிகட், இரண்டாம் முறை பதவிக்கு வந்து தஞ்சையை அதன் அரசரிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த நாட்டின் விளைச்சல் தனக்கு அடகு என்று பால் பென்பீல்டு என்ற கம்பெனி ஊழியர் உரிமை கோரினார். பிகட் மறுக்கவே, 1776இல் அவருடைய ஆலோசனை சபையினரே அவரைக் கைதுசெய்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றி ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார்; கடன்காரர்களுக்கு நாடாளுமன்றத்திலேயே ஆதரவு இருந்தது.

1801இல் கம்பெனி கர்நாடகத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது. நவாபின் தனியார் கடன்களை ஆராய அதன்பின் ஓர் ஆணையம் அமைந்து பல ஆண்டுகள் பத்திரங்களைப் புரட்டியது. கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது உண்மையான கடன் என்று ஏற்கவில்லை.